துயரம் நடந்த இரவில் தலைவர் என்ன பேச வேண்டும்? உரைகளை ஒப்பிட உதவி தேவை

தாமிரபரணிக்கரை எழுதியது:

எங்கள் கல்லூரிப் பேச்சு மன்றத்துக்கு நான்தான் பொறுப்பாசிரியை. சென்ற மாதம் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். "நீங்கள் நாட்டின் பிரதமர். இன்று மாலை பெருந்துயரம் ஒன்று நடந்துவிட்டது. இரவு மக்களிடம் பேச வேண்டும். நான்கு நிமிடம்." இவ்வளவுதான் சொன்னேன். ஒருவன் எதிரி நாட்டைச் சாம்பலாக்காமல் ஓயமாட்டேன் என்று சபதம் செய்தான். என்ன துயரம் என்றே நான் சொல்லவில்லை. எதிரியை அவனாகவே பிடித்துக்கொண்டான். இன்னொருத்தி "ஆற்றொணாத் துயரம்", "ஈடுசெய்ய முடியாத இழப்பு", "குடும்பத்தினருக்கு ஆழ்ந்த இரங்கல்" என்று செய்தித்தாள் அறிக்கையைப் பிசகாமல் ஒப்பித்தாள். மூன்றாமவன் நிவாரணத் தொகையை அறிவித்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு மூன்றரை நிமிடம் மிச்சம்.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொண்டை நரம்பு புடைத்தால்தான் பேச்சு என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தானே. அதனால் தலைவர்கள் உண்மையாகவே பேசிய உரைகளை அவர்கள் முன் வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் எடுத்தது நேரு. 1948 ஜனவரி 30 மாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பிறகு காந்தி சுடப்பட்டார். அன்றிரவே நேரு அகில இந்திய வானொலியில் பேசினார், எழுதிவைத்த உரை இல்லாமல். நம் வாழ்விலிருந்து ஒளி போய்விட்டது என்று அவர் தொடங்கியதும், சற்று நேரத்தில் அப்படிச் சொன்னது தவறு, அது சாதாரண ஒளியல்ல என்று திருத்திக்கொண்டதும் எல்லாருக்கும் தெரியும். மேற்கோள் நூல்கள் அதோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அதற்குப் பின்னால் வருவதுதான் பெரிதாகப் படுகிறது. கோபம் வந்துவிட்டது என்பதற்காக நம்மில் யாரும் தவறாக நடந்துகொள்ளக் கூடாது என்கிறார். நாட்டில் நஞ்சு பரவியிருக்கிறது, அதை வேரோடு களைய வேண்டும், ஆனால் வெறிகொண்டு அல்ல என்கிறார். பிறகு குரல் அப்படியே நடைமுறைக்கு இறங்குகிறது. உடலைப் பதப்படுத்திச் சில நாள் வைக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். அது அவர் விருப்பத்துக்கு மாறானது, ஆகவே செய்யப்போவதில்லை. நாளை பதினொன்றரை மணிக்கு ஊர்வலம் புறப்படும். யமுனைக் கரையில் மாலை நான்கு மணிக்குத் தகனம். காந்தி தங்கியிருந்த பிர்லா மாளிகைக்குள் நெருக்காதீர்கள், வழிநெடுக இருபுறமும் அமைதியாக நில்லுங்கள். டெல்லிக்கு வர முடியாதவர்கள் அதே நான்கு மணிக்கு ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ போய்ப் பிரார்த்தனை செய்யுங்கள்.

துக்க வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது ஒரு பெரியப்பா எழுந்து, எத்தனை மணிக்கு எடுப்பது, யார் யாருக்குச் சொல்லியாகிவிட்டது என்று பார்ப்பாரே, அந்த வேலையை நேரு நாட்டுக்கே செய்கிறார். அவரும் அழுகிறவர்களில் ஒருவர்தான் என்பது கேட்பவர்களுக்குத் தெரியும். டெல்லியில் இருப்பவனுக்கும் கன்னியாகுமரியில் இருப்பவனுக்கும் மறுநாள் நான்கு மணிக்கு ஒரு வேலை இருந்தது. பெருங்கூட்டத்தின் கையில் வேலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று 1947ஐப் பார்த்தவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது அமெரிக்க அதிபர் ரீகன். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்ட 73ஆவது விநாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை. அதனால் பல பள்ளிகளில் பிள்ளைகள் அதை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு நிகழ்த்த வேண்டிய ஆண்டு உரையைத் தள்ளிவைத்துவிட்டு, மேசைக்குப் பின்னால் அமர்ந்து நான்கு நிமிடம் போலப் பேசினார். எழுதித் தந்தவர் பெக்கி நூனன். ஏழு பெயர்களையும் சொல்கிறார். பிள்ளைகளைத் தனியாக அழைத்துப் பேசுகிறார். இரண்டாம் உலகப் போரில் 19 வயதில் இறந்த ஒரு விமானியின் கவிதை வரியோடு முடிக்கிறார். அடக்கமான உரை. எங்கள் ஆள் அலறியது போல ஓரிடத்திலும் அலறவில்லை.

ஆனால் அதில் ஒரு வரி எனக்கு முள்ளாகக் குத்துகிறது. எங்கள் விண்வெளித் திட்டத்தை நாங்கள் ஒளிப்பதில்லை, எதையும் மூடி மறைப்பதில்லை என்கிறார். பிறகு ரோஜர்ஸ் ஆணையம் விசாரித்தபோது, குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக வேலை செய்யாது, ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் முந்தைய இரவே வாதாடியதும், மேலே இருந்தவர்கள் அதைத் தள்ளிவிட்டதும் வெளியே வந்தன. அன்று மாலை ரீகனுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் அந்த வரியை இப்போது வகுப்பில் எப்படிப் படித்துக் காட்டுவது?

என் கேள்வி இதுதான். இந்த உரைகளை எதைக்கொண்டு அளப்பது? அழகாகப் பேசப் பேசப் பொறுப்பு மறைந்துபோகிறதா? மூன்றாவதாக வைக்க எந்த உரையைச் சொல்வீர்கள்? மோசமான உரை ஒன்றையும் காட்ட வேண்டும் என்று ஓர் எண்ணம் இருக்கிறது.

பழைய ரயில்காரன் எழுதியது:

அம்மா, திருச்சிக் கோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு உரை என்றால் 1956தான். நவம்பர் 23 விடியற்காலையில் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் வெள்ளம் பாலத்தை அரித்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதே கடிதம் கொடுத்திருந்தார். அப்போது நேரு ஏற்கவில்லை. இந்த முறை ஏற்றார். நாடாளுமன்றத்தில் அவர் சொன்னதைக் கவனியுங்கள்: விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதால் அல்ல, அமைச்சர் பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு ஒரு முன்னுதாரணம் வேண்டும் என்பதால் ஏற்கிறேன் என்றார்.

தமிழ்நாட்டு மக்கள் அதோடு விடவில்லை. துணை அமைச்சராக இருந்தவர் நம் ஊர்க்காரர் ஓ.வி. அழகேசன். அடுத்த ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. எழுப்பிய முழக்கம் எங்கள் வயதுக்காரர்களுக்கு இன்னும் மனப்பாடம்: "அரியலூர் அழகேசா, நீ ஆண்டது போதாதா? மக்கள் மாண்டது போதாதா?" உரையைக் கேட்கிற மக்கள் திருப்பி என்ன பேசினார்கள் என்பதையும் உங்கள் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைவர்கள் பேசியது மட்டும் என்றால் பாதிக் கதைதான்.

ஒஸ்லோவிலிருந்து எழுதியது:

அக்கா, மூன்றாவதுக்கு நோர்வேயை எடுங்கள். 2011 ஜூலை 22. ஒஸ்லோ அரசுக் கட்டடத்தின் வாசலில் குண்டு வெடித்து எட்டுப் பேர். பிறகு அதே ஆள் ஊத்தோயா தீவில் தொழிற்கட்சி இளைஞர் முகாமுக்குள் புகுந்து சுட்டதில் 69 பேர். மொத்தம் 77 உயிர்கள், அதிகமானோர் இளம் பிள்ளைகள். குண்டு வெடித்த முதல் சில மணி நேரம் இங்கே எப்படி இருந்தது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. செய்தது யார் என்று தெரியும் முன்பே வெளிநாட்டு முகம் கொண்டவர்களை முறைத்தார்கள், சிலர் தெருவில் ஏச்சு வாங்கினார்கள். நாங்களும் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டோம். சுட்டவன் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரன், வெளிநாட்டவர் வருகையை வெறுத்தவன் என்று பிறகு தெரியவந்தது. அந்தத் தீவிலிருந்து நீந்தித் தப்பியவர்களில் எங்கள் கம்சாயினி குணரத்தினமும் ஒருவர். பிற்காலத்தில் ஒஸ்லோவின் துணை மேயரானவர்.

பிரதமர் ஸ்டோல்டன்பெர்க்குக்கு அந்தத் தீவு சொந்த வீடு போல. இளைஞர் அணித் தலைவராக அங்கேதான் வளர்ந்தார். இறந்தவர்களில் சிலரை நேரில் அறிவார். ஞாயிற்றுக்கிழமை, 24ஆம் தேதி, ஒஸ்லோ பேராலயத்தில் பேசினார். இரண்டு பேரைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தபோது குரல் தடுமாறியது. எங்கள் பதில் இன்னும் அதிக ஜனநாயகம், இன்னும் அதிக வெளிப்படைத்தன்மை, இன்னும் அதிக மனிதநேயம். ஆனால் ஏமாளித்தனம் ஒருபோதும் அல்ல என்றார். ஒரு மனிதன் இவ்வளவு வெறுப்பைக் காட்ட முடியுமென்றால் நாம் சேர்ந்தால் எவ்வளவு அன்பைக் காட்டலாம் என்று ஓர் இளம்பெண் தொலைக்காட்சியில் சொன்னதை எடுத்துச் சொன்னார். மறுநாள் மாலை ரோஜாப் பூவோடு ஊர்வலம் என்று அழைத்தார்கள். வந்த கூட்டத்தில் ஊர்வலம் நகரவே முடியவில்லை. நின்ற இடத்திலேயே நின்றோம். என் பக்கத்தில் நின்ற வயதான நோர்வே அம்மா ஒருவர் எதுவும் பேசாமல் தன் பூவில் ஒன்றை என் மகள் கையில் கொடுத்தார்.

உங்கள் முள் பற்றி: இங்கேயும் ஆணையம் அமைத்தார்கள். 2012 ஆகஸ்டில் வந்த அறிக்கை அரசை விடவில்லை. அரசுக் கட்டடத்தின் முன்னால் இருந்த தெருவைப் போக்குவரத்துக்கு மூட வேண்டும் என்று ஏற்கெனவே முடிவெடுத்தும் செய்யவில்லை. செய்திருந்தால் அந்த வண்டி வாசலில் வந்து நின்றிருக்காது. போலீஸ் தீவை இன்னும் விரைவாக அடைந்திருக்க முடியும். ஸ்டோல்டன்பெர்க் நாடாளுமன்றத்தில் பொறுப்பு தன்னுடையது என்றும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் சொன்னார். பதவி விலகவில்லை. 2013 தேர்தலில் தோற்றார். பேராலய உரையை உலகமே கொண்டாடுகிறது. இந்த இரண்டாவது உரையை நோர்வேக்கு வெளியே கேட்டவர்கள் குறைவு.

கொக்குவிலான் எழுதியது:

டீச்சர், மோசமான உரை வேண்டும் என்று கேட்டீர்கள். எங்களிடம் இருக்கிறது.

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் (உங்கள் ஊர்ப் பெயர்தான்) 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாள் இரவு கொழும்பில் தொடங்கியது. தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறைக்குள் 25ஆம் தேதியும் 27ஆம் தேதியுமாக 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமான நிலையமும் அகதி முகாம்களாகிவிட்டன. இத்தனைக்கும் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன வாய் திறக்கவில்லை. 28ஆம் தேதிதான் தொலைக்காட்சியில் தோன்றினார்.

அந்த உரையை நான் பிறகு அச்சில் பல தடவை படித்திருக்கிறேன். இறந்தவர்களுக்கு ஓர் இரங்கல் சொல் இல்லை. வீடிழந்து முகாமில் கிடந்தவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. பிரிவினைக் கோரிக்கை சிங்கள மக்களின் மனத்தில் மூட்டிய அச்சமும் ஆத்திரமும்தான் இதற்கெல்லாம் காரணம் என்றார். அந்த மக்களின் குரலுக்கு இசைய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றும், பிரிவினை கேட்கும் கட்சிகளைத் தடுக்கச் சட்டம் வரும் என்றும் அறிவித்தார். சட்டம் ஆகஸ்ட் 8ஆம் தேதியே வந்துவிட்டது, அரசியலமைப்பின் ஆறாவது திருத்தமாக. உரைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, கொழும்பில் புலிகள் புகுந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பி மறுபடியும் கொன்றார்கள். அந்த நாள்களில்தான் இந்திரா காந்தி அனுப்பிய வெளியுறவு அமைச்சர் நரசிம்ம ராவும் கொழும்பு வந்து சேர்ந்தார்.

நேருவின் உரையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் கோபத்தில் இருக்கும் கூட்டத்திடம், கோபம் இருந்தாலும் கையை வைக்காதே என்றார். இவர், உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றார். எரிந்தவர்களும் தன் குடிமக்கள்தான் என்பது உரையில் எந்த இடத்திலும் தெரியவில்லை. இதில் அலறல் இல்லை, சபதம் இல்லை, குரல் நிதானமானது. ஆகவே அலறாமல் பேசுவதை மட்டும் மாணவர்களுக்கு அளவாகக் கொடுத்துவிடாதீர்கள்.

2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 21 ஆண்டுகள் கழித்து. கேட்டாரே என்று சொல்வோரும் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை.

எதிர்வழக்கு எழுதியது:

சட்டம் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேருவின் உரையை இங்கே எல்லாரும் தூக்கிவைத்துப் பேசுகிறீர்கள். அந்த உரைக்குப் பிறகும் பம்பாய் மாகாணத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் கொலையாளியின் சாதியைச் சேர்ந்த பிராமணர்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. புனே, சாத்தாரா, கோலாப்பூர்ப் பக்கம் நிலைமை மோசம். நான்கு மணிப் பிரார்த்தனை அங்கே எடுபடவில்லை. இன்னொன்று: ஜனவரி 20ஆம் தேதியே அதே பிர்லா மாளிகையில் குண்டு வெடித்தது, ஒருவன் பிடிபட்டான். பத்து நாள் இருந்தும் கூட்டாளிகளைப் பிடிக்க முடியவில்லை. இதை அறுபதுகளில் கபூர் ஆணையம் பக்கம் பக்கமாக ஆராய்ந்தது. நேருவின் வானொலி உரையில் அந்த ஜனவரி 20 எங்கே? ரீகனைக் குத்திய முள் இங்கே ஏன் குத்தவில்லை?

மோசமான உரைக்குக் கடல் தாண்டவும் தேவையில்லை. 1984இல் இந்திரா காந்தி சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு டெல்லியில் மட்டும் அரசுக் கணக்கிலேயே 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். நவம்பர் 19, இந்திராவின் பிறந்த நாளன்று, போட் கிளப் மைதானத்தில் ராஜீவ் காந்தி சொன்னது: பெரிய மரம் விழும்போது பூமி சற்று அதிரத்தான் செய்யும். 2005 ஆகஸ்டில் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் வெட்கித் தலைகுனிகிறேன் என்றார். கொக்குவில் ஐயா சொன்ன அதே 21 ஆண்டுகள்!

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சட்டத் தம்பிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகாராஷ்டிரத்தில் நடந்ததை வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ஆனால் ஜனவரி 20 பற்றி அன்றிரவே பேசியிருக்க வேண்டும் என்பதை நான் ஒப்பமாட்டேன். சுட்டது யார் என்ற வதந்தியில் நாடே பற்றிக்கொள்ளும் அபாயம் இருந்த இரவு அது. காவல் துறையின் குறையை அப்போது எடுத்து வைத்தால் கேட்பவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? ரீகனை நான் குற்றம் சொன்னது காரணத்தைச் சொல்லவில்லை என்பதற்காக அல்ல. தெரியாத ஒன்றைப் பற்றி, எதையும் மறைப்பதில்லை என்று நற்சான்று கொடுத்தார், அதற்காக. பேசாமல் விடுவதும் இல்லை என்று சாதிப்பதும் ஒன்றாகுமா?

ராஜீவைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு மறுப்பே இல்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தாயைப் பறிகொடுத்த அன்றிரவு அதே ராஜீவ்தான் வானொலியில் அமைதி காக்கச் சொன்னார். சில வாரங்களில் மரமும் பூமியும் வந்துவிட்டன. இரண்டு பேச்சையும் அடுத்தடுத்துப் படித்தால் எனக்கு முதலாவதின் மேலேயே சந்தேகம் வருகிறது.

ஒஸ்லோத் தங்கை எழுதியதைப் படித்த பிறகு பயிற்சியையே மாற்றிவிட்டேன். நான்கு நிமிட உரை ஒன்றைக் கேட்டதுதான் கோளாறு. இனி ஒவ்வொருவரும் இரண்டு முறை பேச வேண்டும். முதலாவது, துயரம் நடந்த இரவு. இரண்டாவது, ஓராண்டு கழித்து விசாரணை அறிக்கை மேசைக்கு வந்த நாள். அறிக்கையை நானே எழுதிக் கொடுப்பேன்; அதில் பிரதமரின் அரசு செய்யாமல் விட்ட இரண்டு காரியங்கள் இருக்கும். முதல் உரையில் என்ன வாக்குக் கொடுத்தோம் என்பது அப்போது அவர்கள் கழுத்தைப் பிடிக்கும். சாம்பலாக்குவேன் என்றவனுக்கு அறிக்கையில் எதிரி நாடே வரப்போவதில்லை. துருப்பிடித்த பாலம் ஒன்றுதான் வரும்.

படிக்க வைப்பவை: நேருவின் உரையில் ஒளிக்குப் பின்னால் வரும் பகுதி, ஸ்டோல்டன்பெர்க்கின் இரண்டு உரைகளும், ஜே.ஆரின் ஜூலை 28 உரை. ஜே.ஆர். உரையை யார் பேசியது என்று சொல்லாமல் முதலில் கொடுத்து, இறந்தவர்கள் யார் என்று இதிலிருந்து கண்டுபிடியுங்கள் என்று கேட்கப்போகிறேன். ரீகனை வைத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பிள்ளைகளிடம் பேசும் பகுதிக்காக வைக்கத் தோன்றுகிறது.

பழைய ரயில்காரன் எழுதியது:

துருப்பிடித்த பாலம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாவது உரையில் ராஜினாமா செய்ய அனுமதி உண்டா அம்மா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

உண்டு ஐயா. ஆனால் கடிதத்தை நீட்டிவிட்டு உட்கார முடியாது. நான்கு நிமிடமும் பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் நிவாரணத் தொகை அறிவித்த பையன் முதல் ஆளாக ராஜினாமா செய்துவிடுவான்.